கல்லின் தாகம்

இயந்திரத்தை அணைத்த பிறகும் துளைக்கம்பி இரண்டு முறை ஒலித்தது. டங், டங். வால்வுக்காரன் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைப் பொட்டலத்திலேயே போட்டான். அந்தச் சுரங்கத்து இரைச்சலில் கத்தினால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. கம்பியை ஸ்பானரால் தட்டித்தான் பேச்சு. ஒரு தட்டு என்றால் தண்ணீரை நிறுத்து, இரண்டு என்றால் திற. தட்டவேண்டிய துளைக்காரனோ, அதாவது அவன் அக்கா புருஷன், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கல்லுக்கும் தாகம் எடுக்குது போல, மாப்ள" என்று சிரித்தான். சூட்டில் இரும்பு அப்படித்தான் முனகும் என்று சமாதானமும் சொன்னான்.

வால்வுக்காரனுக்கு மனசு ஆறவில்லை. நிறைமாசமாக இருக்கும் அக்கா காலையில் வாசல்வரை வந்து, சாயங்காலம் இவரை முழுசாகக் கூட்டிக்கொண்டு வா என்று அவன் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

மறுபடி துளைத்தார்கள். கம்பியைக் குளிர்விக்க உள்ளே விட்டு, துளையிலிருந்து திரும்பி வந்த தண்ணீர் அவன் பூட்ஸைச் சுற்றி வெந்நீராகத் தேங்கியது. கந்தக நெடி தொண்டையைப் பிடித்தது. ஆவியில் விளக்குகள் மங்க, வழக்கமான சாம்பல் நிறப் பாறைப்பொடிக்குப் பதிலாகக் கறுப்புச் சில்லுகள் உருண்டு வந்தன. ஒன்றை எடுத்தான். சுட்டது. கண்ணாடி.

பூமிக்குள் உருகிய கல், காலங்காலமாக மெல்ல ஆறினால்தான் கருங்கல்லில் தெரிவதுபோல் மணிமணியாக இறுகும். மணியே இல்லாத கண்ணாடி என்றால் சட்டென்று ஆறியது. இப்போதுதான். இவர்களுடைய தண்ணீர் பட்டு. துளையின் மறுமுனையில் நெருப்புக்குழம்பு நிற்கிறது.

வால்வை இறுக மூடினான். வந்துவிடுங்கள் மச்சான் என்று கத்தினான். இரைச்சல் விழுங்கிவிட்டது.

டங், டங்.

வருஷக்கணக்கான பழக்கம். வேண்டாம் என்று மூளை சொல்வதற்குள் கை திறந்துவிட்டது. அப்புறம்தான் பார்த்தான். மச்சானின் இரண்டு கைகளும் நெம்புகோலில் இருந்தன. ஸ்பானர் இடுப்பில் தொங்கியது.

வெடித்தது.

நீராவி மச்சானைத் தூக்கிப் பாறையில் அறைந்தது. எலும்பு முறிந்தது காதில் விழுந்தது. துளையைக் கிழித்துக்கொண்டு சிவப்புக் குழம்பு வந்தது. மச்சானின் காலைத் தின்றது. இடுப்பைத் தின்றது. அலறல். கருகிய சதையின் நாற்றம். பிறகு அலறல் இல்லை.

அறுந்த குழாய் பீய்ச்சிய தண்ணீர் பட்டுக் குழம்பு கறுத்து இறுகியது. கண்ணாடிச் சுவர். அதற்குள் மச்சானின் பாதி உடம்பு, திறந்த கண்களோடு.

வெடிப்பில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்த வால்வுக்காரன் தோல் உரிந்த கையோடு தவழ்ந்துபோய் வால்வை மூடினான். அக்காவை நினைத்து ஓவென்று அழுதான்.

கண்ணாடிக்குள் ஒரு கை அசைந்தது. அதில் ஸ்பானர் இருந்தது.

டங்.

டங்.

வால்வுக்காரனின் கை வால்வைத் தானாகத் திறக்கத் தொடங்கியது.