ரிலீவர் வராத ஷிப்ட்

ஒரே வாசல் வழியாக நானூற்றுப் பன்னிரண்டு முறை வெளியே போயும் ஒரு முறைகூட வெளியே போய்ச் சேராத ஆள் இந்தப் பூமியில் தான் ஒருவர்தான் என்று ஒயர்மேன் சொல்வார். கேட்பவர் முகத்தில் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தால் அது ஐந்நூறாகிவிடும்.

அவருடைய மச்சினன் மட்டும் நம்பமாட்டான். "மாமா அன்னிக்கு வேலை செஞ்ச அசதியில தூங்கிட்டார்" என்பான். எட்டு வருஷமாக இதே பேச்சு. இத்தனைக்கும் அது நடந்த கட்டட வேலைக்கு சைட் இன்ஜினியர் அவன்தான்.

அது ஒரு பழைய தொழிற்சாலை. லேத் பட்டறை, வார்ப்படக் கூடம், கிடங்கு என்று தனித்தனியாக நின்ற மூன்றையும் சுவர் இடித்து ஒன்றாக்கி, கண்ணாடிக் கூரை போட்டு, ஐந்நூறு பேர் உட்காரும் ஒரே அலுவலகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். இரும்பு உருகிய இடத்தில் காபி மெஷின் வரப்போகிறது என்றார்கள்.

அந்த இடத்துக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே போனால் களைப்பு வரும். தச்சர் ஓங்கிய சுத்தியல் ஆணியில் இறங்குவதற்குள் குறட்டை விட்டார் என்பது ஒயர்மேன் வாக்கு. பெயின்டருக்கு அரைச் சுவர் அடிப்பதற்குள் தாடி நெஞ்சுவரை வந்துவிட்டதாம். பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அங்கே யாராலும் கையைத் தூக்க முடியாது என்பது மட்டும் நிஜம்.

அன்று விடிகாலையில் ஒயர்மேனுக்குப் பேத்தி பிறந்திருந்தாள். முதல் பேத்தி. இரண்டு மாசத்துத் தூக்கம் கண்ணில் பாக்கியிருந்தது. லேத் பட்டறைப் பக்கம் கடைசி வயரை இழுத்து முடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடலாம். வாசலில் மச்சினன் வண்டியோடு காத்திருந்தான். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

புது பெயின்ட் வாசனைக்குள்ளிருந்து வேறொரு வாசனை எழுந்தது. காய்ந்த எண்ணெய். சூடேறிய இரும்பு.

காலுக்கடியில் தரை மெல்ல அதிர்ந்தது. அங்கே ஒரு மெஷினும் கிடையாது.

நிமிர்ந்தார்.

பத்தடி தள்ளி நீலச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். கைகள் இரண்டும் காற்றில் எதையோ பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தன. கண்கள் குழிக்குள் கிடந்தன. அப்படி ஒரு களைப்பை ஒயர்மேன் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

"இன்னும் வீட்டுக்குப் போகலையாங்க?"

"ரிலீவர் வரல."

இளவயதில் ஒயர்மேனும் ஷிப்ட் பார்த்தவர். ஓடுகிற மெஷினை அப்படியே விட்டுவிட்டு யாரும் நகரக்கூடாது. அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து தோளில் கைவைத்து ஒரு வார்த்தை சொன்னால்தான் போகலாம். அந்தப் பழக்கம் உடம்பிலேயே ஊறியிருந்தது. யோசிக்காமல் போய்த் தோளைத் தொட்டார்.

"நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்."

தோள் சில்லென்றிருந்தது.

நீலச் சட்டைக்காரர் பெருமூச்சு விட்டார். ஒரு துண்டுப் பஞ்சில் கையைத் துடைத்து, அதை ஒயர்மேன் கையில் திணித்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். பஞ்சிலிருந்த எண்ணெய் இன்னும் சூடாக இருந்தது.

ஒயர்மேன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வாசலுக்கு வெளியே வண்டி தெரிந்தது, மச்சினன் தெரிந்தான். படியைத் தாண்டினார்.

லேத் பட்டறையில் நின்றார்.

மறுபடி ஓடினார். மறுபடி தாண்டினார். வண்டியும் மச்சினனும் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள்.

எத்தனை தடவை என்பது உங்களுக்கே தெரியும். கடைசியில் கால் நகரவில்லை.

கைகள் தாமாக எழுந்தன.

காற்றைப் பிடித்தன.

திருப்பத் தொடங்கின.

மச்சினன் உள்ளே வந்தான். "என்ன மாமா, வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பறீங்க? பேத்தி கடன் கேக்கும்னு பயமா?"

"என்னால வெளிய போக முடியல, மாப்ள."

"இன்னும் அந்த வயரா? விடுங்க. நீங்க போங்க, நான் பாத்து..."

ஒயர்மேன் காற்றிலிருந்து ஒரு கையைப் பிடுங்கி அவன் வாயைப் பொத்தினார். ஒரு வார்த்தைதான் பாக்கி. அதை அவன் முடித்திருந்தால் கால் மணியில் பேத்தி மடியில் இருந்திருப்பாள். அந்த ஆசை வந்தது என்று அவரே ஒப்புக்கொள்வார்.

"முடிக்காதடா," என்றார் கிசுகிசுப்பாக. "உனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க."

"உங்களுக்கு மண்டை காஞ்சு போச்சு. இருங்க, தண்ணி எடுத்துட்டு வரேன்." எந்தத் தடையும் இல்லாமல் அவன் வெளியே போனான்.

ஒயர்மேனின் கைகள் மறுபடி காற்றுக்குத் திரும்பின.

கொஞ்ச நேரத்தில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து வைக்கும் காலடி.

தோளில் ஒரு கை. சில்லென்ற கை.

"போனேங்க," என்றார் நீலச் சட்டைக்காரர். "வீடு இல்ல. தெருவே இல்ல. யாரைக் கேட்டாலும் என் மேலயே நடந்து போறாங்க." மூச்சு வாங்கினார். "உங்களுக்கு வீட்டுல ஆள் இருக்காங்கல்ல. போங்க. நான் பாத்துக்கறேன்."

அந்த முறை வெளியே வெயில் சுட்டது.

இப்போது அந்த அலுவலகத்தைப் பராமரிக்கும் பொறுப்பு மச்சினனுடையது. போன வாரம் பேத்தியின் பிறந்தநாளில் ஒயர்மேன் கதையைத் தொடங்கினார். வாசல் கணக்கு அறுநூறைத் தொட்டது. எல்லோரும் மச்சினனின் வழக்கமான பேச்சுக்குக் காத்திருந்தார்கள். அவன் தலை நிமிரவில்லை. பந்தி கலைந்ததும் அவரைத் தனியாக அழைத்துப் போனான்.

"நடந்தது நிஜம்தான், மாமா. தண்ணி எடுக்கப் போனப்ப அவர் என்னைத் தாண்டித்தான் உள்ள வந்தார். வெளிய சொன்னா ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டான்னுதான் தூங்கிட்டீங்கன்னு சொன்னேன்."

ஒயர்மேனுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. "இப்ப ஏன்டா சொல்ற?"

"நேத்து மத்தியானம் பாத்தேன். சோபாவுக்குப் பக்கத்துல, அதே எடம். ரொம்ப அசந்துபோய் நிக்கறார் மாமா. பாத்துட்டே நின்னேன். வாய் திறக்கல."

"அப்புறம்?"

"லேசா நகர்ந்து எனக்கு எடம் விட்டார்."