தாமதமாக வந்த பிள்ளையார் சுழி

போட்ட பிள்ளையார் சுழி விழவில்லை.

பாலசுப்ரமணியன் பேனாவைத் தூக்கி அதன் முனையைப் பார்த்தார், பிறகு டேப்லெட்டின் கண்ணாடியைப் பார்த்தார். எழுதும் பக்கம் பால்வெள்ளையாக வெறுமனே கிடந்தது. சன்னலுக்கு வெளியே, காம்பவுண்டுச் சுவரை ஒட்டியிருந்த சிற்பப் பட்டறையில் நாலைந்து உளிகள் முன்னும் பின்னுமாகக் கல்லைக் கொத்திக்கொண்டிருந்தன. மாமல்லபுரத்தில் பூஞ்சேரிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு அந்தச் சத்தம் சுவர்க்கடிகாரம் மாதிரி, நின்றால்தான் காதில் விழும். கல்தூளும் கடல் ஈரமும் கலந்த காற்றில் சமையலறையிலிருந்து கொண்டைக்கடலை வேகும் வாசனை வந்தது. அவர் காபியை ஒரு வாய் குடித்து, டம்ளரைக் கீழே வைத்தார். அப்போதுதான் சுழி வந்தது.

ஒரேயடியாக வரவில்லை. முதலில் சின்னதாக ஒரு வளைவு. பிறகு கொஞ்சம் யோசனை. பிறகு வளைவு சுற்றிக்கொண்டு வந்து, வால் நீண்டு, முடிந்தது. உள்ளே யாரோ அவர் போட்டதைப் பார்த்துப் பார்த்து எழுதியது போல இருந்தது.

"ஸ்லோ," என்றார், ஆபீசில் மற்றவர்களைப் பற்றிச் சொல்லும் அதே குரலில்.

அந்த டேப்லெட் சாதாரணப் பொருள் அல்ல. சிறுசேரியில் அவர் வேலை பார்க்கும் கம்பெனி போன வருட ஆண்டு விழாவில் மேடையேற்றி, சால்வை போர்த்திக் கொடுத்தது. பேனாவால் எழுதுகிற கம்ப்யூட்டர். திரையைத் திருப்பி மடக்கினால் பலகை. செங்கல்பட்டு வட்டாரத்திலேயே தன்னிடம் மட்டும்தான் இது இருக்கிறது என்று யாரும் கேட்காமலே சொல்வார். கல்யாண வீடுகளில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் பந்திக்குக் காத்திருப்பார். சிங்கப்பெருமாள் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு சேர்த்து நீட்டியபோது, அர்ச்சகர் அதைப் புடவைப் பெட்டி என்று நினைத்து, "பெருமாளுக்கா, தாயாருக்கா?" என்று கேட்டார்.

ஆபீசில் லீவு, செலவு, புது ஆள், பழைய நாற்காலி, எதுவானாலும் அவர் கையெழுத்து இந்தக் கண்ணாடியில் விழுந்தால்தான் நகரும். அதை அவர் சீக்கிரம் விழவிட மாட்டார். காக்க வைத்தால்தான் கையெழுத்துக்கு எடை. "நான் இல்லாம அங்க ஒண்ணும் அசையாது" என்பதைச் சொல்லாமல் அவருக்கு ஒரு நாளும் முடிந்ததில்லை. அந்த ஒரு வாக்கியம் பொய்யாகிவிடுமோ என்பதைத் தவிர அவருக்கு வேறு பயமும் கிடையாது.

நவராத்திரிக்கு லீவு போட்டுக் கிளம்பும்போது, சிஸ்டம்ஸ் பிரிவு ஜெயகிருஷ்ணன் அதில் புது சாஃப்ட்வேர் ஏற்றிக் கொடுத்திருந்தான்.

"சார், இது உங்க கையெழுத்தக் கத்துக்கும் சார். எவ்ளோ எழுதிக் காட்டுறீங்களோ அவ்ளோ நல்லது."

வேறு யாராவது என்றால் பேர், ஊர், நாலு வாக்கியம் எழுதிக் காட்டியிருப்பார்கள். பாலசுப்ரமணியனுக்கு அதிலும் ஒரு புண்ணியம் தட்டுப்பட்டது. தினம் நூற்றெட்டு ஸ்ரீராமஜெயம் எழுதுகிறவர் அவர். நோட்டில் எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள்? இதில் எழுதினால் நாமம் எழுதினது போலவும் ஆச்சு, கற்றுக்கொடுத்தது போலவும் ஆச்சு. கொலு பார்க்க வந்த பெண்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து நாள் முழுக்க எழுதினார். மனசு தன்னை யார் யார் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்க, கை மட்டும் தானாக எழுதிக்கொண்டிருந்தது. அவர் இல்லாமல் எழுதுகிற அந்தக் கையைத்தான் கண்ணாடி வாங்கிக்கொண்டது.

இப்போது சுழிக்கே இத்தனை நேரம். ஜெயகிருஷ்ணனுக்குப் போன் போட்டார்.

"என்னய்யா ஏத்தி வச்சிருக்க? மாட்டு வண்டியாட்டம் போகுது."

"ஸ்லோவா கீதுன்னா உள்ள ஏதோ ஓடிக்கினு இருக்கும் சார். படிச்சிக்கினு இருக்கும்."

"எதய்யா படிக்குது?"

"உங்களத்தான் சார்," என்று சிரித்தான். "முடிஞ்சதும் பாருங்க, பறக்கும்."

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து திறந்தபோது பக்கம் நிறைந்திருந்தது. அவர் எழுதாத ஸ்ரீராமஜெயம். வரிசை வரிசையாக, அவருடைய சாய்வோடு, அவருடைய கொம்போடு, ஸ்ரீயின் தலையில் அவர் போடும் அந்த வேண்டாத சுழிப்போடு. முதுகில் ஈரத்துண்டு சில்லென்று ஒட்டியது. நேற்று எழுதியதுதான் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்தார். எந்தப் பேயாவது ஸ்ரீராமஜெயம் எழுதுமா என்று நினைத்துக் கொஞ்சம் தைரியமானார். பிறகு அதைவிட நல்ல நினைப்பு ஒன்று வந்தது: இன்றைய எழுத்து முடிந்துவிட்டது, இனி பேப்பர் படிக்கலாம்.

கொலுப்படிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்த வசுமதி திரும்பினாள். "அதுக்குள்ள எழுதியாச்சா?"

"ஆச்சு," என்றார்.

சொல்லி முடித்ததாக அவர் நினைத்து, பேப்பரைப் பிரித்த பிறகுதான் அந்தச் சொல் வாயிலிருந்து வந்தது. வசுமதி தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டு அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

மத்தியானம் ஆபீசுக்குப் போன் போட்டார். டேப்லெட் இப்படி நொண்டுகிறதே, எத்தனை பேர் தன் கையெழுத்து இல்லாமல் தவித்துக்கொண்டிருப்பார்கள் என்று கேட்க அவருக்கு ஆசையாக இருந்தது.

"தவிக்கிறதா? எல்லாம் வந்துடுச்சே சார்," என்றான் ஜெயகிருஷ்ணன். "காலையில அனுப்பினா உடனே கையெழுத்தாகி வந்துடுது. கூடுவாஞ்சேரியிலேர்ந்து வர்ற பொண்ணு, பிரசவ லீவுக்கு உங்ககிட்ட அலைஞ்சிக்கினு இருந்துச்சே, அதுக்குக்கூட போட்டுட்டீங்க. எல்லாரும் அதான் பேசிக்கினு கீறாங்க. தப்பா நெனைச்சிக்காதீங்க சார், நீங்க இங்க இருக்கறப்பவிட லீவுல இருந்தாத்தான் வேலை ஓடுது."

வெளியே உளிகள் கொத்தின. அவர் ரிசீவரைப் பிடித்தபடி கண்ணாடியைப் பார்த்தார். அது இருட்டாக, அமைதியாக, ஒன்றும் அறியாதது போல மேஜையில் கிடந்தது. குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு அலைந்தாரே. தன் சால்வையால் துடைத்தாரே. நான் போடவில்லையே என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால், போட்டது யார் என்று கேட்பார்கள். அதைவிட, அவர் போடாமலே நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"நான்தான்," என்றார் பாலசுப்ரமணியன்.

அதுவும் தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் அவன் போனை வைத்துவிட்டான். செத்த லைனின் இரைச்சலுக்குள் தன் குரல் போய்ச் சேர்வதை அவரே கேட்டார்.

அன்று சாயங்காலம் டேப்லெட் பறந்தது.

பேனாவை எடுத்தார். முனை கண்ணாடியைத் தொடுவதற்கு ஒரு விரல் உயரம் இருந்தது. அதற்குள் சுழி அங்கே இருந்தது. அவர் கை அதன்மேல் இறங்கி, ஏற்கெனவே போட்டிருந்த வளைவின் மேலேயே, முதல் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் எழுதிக்கொடுத்ததன் மேல் எழுதுவது போல, மெதுவாகப் போய் வந்தது. மை முன்னால் போயிற்று, கை பின்னால் போயிற்று. பேனாவைப் போட்டுவிட வேண்டும் என்று நினைத்தார். நினைத்து, காத்திருந்தார். விரல்கள் பிரிந்து பேனா உருண்டபோது சன்னலில் வெளிச்சம் போயிருந்தது.

அதற்குப் பிறகு வீடு வேகமாகிவிட்டது. அல்லது அவருக்கு அப்படித் தெரிந்தது. காபி வைப்பார்கள்; கை நீட்டி எடுப்பதற்குள் ஆடை கட்டி, ஆறி, எறும்பு வந்துவிடும். வசுமதி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போவது புடவையின் நிறம் மட்டும் நகர்வது போல இருந்தது. வீட்டு வேலைக்கு வரும் வேண்டா என்பவள் துடைப்பத்தோடு காலடியில் வந்து நின்றாள்.

"காலத் தூக்கு சார். சார், ஒன்னத்தான்."

தூக்கினார். அவள் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போன பிறகு கால்கள் எழும்பின.

"இன்னாமா, சாரு செலையாட்டம் குந்திகினு கீறாரு? பட்டறையில தூக்கிப் போட்டா வெள்ளக்காரன் வாங்கினு பூடுவான்," என்றாள் வேண்டா, வாசலில் செருப்பைத் தேடியபடி.

"அவர் எப்பவும் அப்படித்தான்," என்றாள் வசுமதி.

அவர்கள் இருவரும் சிரித்தது அவருக்கு நன்றாகக் கேட்டது. காது மட்டும் தாமதமாகவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், வசுமதி அவர் முன்னால் வந்து நின்றாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அப்படித்தான் செய்வாள்.

"ஏங்க, பூஜை முடிஞ்சதும் செங்கல்பட்டுக்குப் போயி வத்சலா வீட்ல ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டுமா? தங்கச்சின்னு ஒருத்தி இருக்கான்னே மறந்துபோச்சு."

இந்தக் கேள்விக்கு அவரிடம் பல வருடப் பதில் ஒன்று இருந்தது. 'பாக்கலாம்.' அதை எடுத்தார். அது தொண்டையில் ஏறத் தொடங்கியது. அதற்குள் மேஜையில் கண்ணாடி விழித்துக்கொண்டது. அதில் அவருடைய கையெழுத்து, அவருடைய சாய்வு, அவருடைய கொம்பு.

வசுமதி குனிந்து படித்தாள். "போயிட்டு வா. அவசரமா திரும்ப வேணாம். நான் பார்த்துக்கறேன்."

திரும்பப் படித்தாள். அவள் முகம் மெல்ல மெல்லத் திறந்தது. கல்யாணமான புதிதில்கூட அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. அவளிடம் சொல்ல வேண்டும். அது நான் இல்லை வசு. அது என் கை மட்டும்தான். நான் இங்கே இருக்கிறேன். இங்கே.

"பாக்கலாம்," என்றது அவர் வாய், காலி அறையில்.

அடுத்த நாள் உளிச்சத்தம் இல்லை. பட்டறைக்காரர்கள் உளிகளைக் கழுவி, பொட்டு வைத்து, பூஜையில் வைத்துவிட்டார்கள். இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்த ஒலி நின்றதும், அதற்குக் கீழே மறைந்திருந்த இன்னொரு ஒலி வெளியே வந்தது. மெல்லிய, விடாத ஒலி. பேனாமுனை கண்ணாடியில் தட்டும் ஒலி. டிக். டிக். டிக்.

பேனா அவர் காலடியில் கிடந்தது.

மழை இருட்டில் சாயங்காலம் சீக்கிரமே வந்துவிட்டது. பொரி, வெல்லம், வாழைக்கன்று, பூசணி வாசனை. வசுமதி சந்தனக் கிண்ணத்தோடு வீடு முழுக்க வந்தாள். மிக்சிக்குப் பொட்டு. ஃபிரிட்ஜுக்குப் பொட்டு. இஸ்திரிப் பெட்டிக்கு, தையல் மெஷினுக்கு. ஒரு சந்தனம், அதன்மேல் ஒரு குங்குமம், அடுத்தது. பொட்டு வைத்த எதையும் நாளைக் காலை வரை யாரும் தொடக்கூடாது. அவை ஓய்வெடுக்க வேண்டும்.

டேப்லெட்டின் முன்னால் வந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு எப்படி வைக்கிறது?" என்றாள், செல்லமாக. "உங்களுக்குத்தான் இன்னிக்கும் வேலை இருக்கே."

பக்கத்தில் ஆவி பறக்கும் காபியை வைத்தாள். கண்ணாடி எதையோ எழுதியது. அவள் படித்துவிட்டு வெட்கப்பட்டாள்.

வசு.

இல்லை, அது இன்னும் வாய்க்கு வரவில்லை.

வசு, என்னைப் பார்.

பார்த்தாள். நேராக, கண்ணுக்குள். அவருக்கு ஒரு கணம் உயிர் வந்தது. தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கிட்டே வந்து குனிந்தாள். சந்தன வாசனை. மல்லிகை. காதோரம் அவள் மூச்சு.

"எனக்கு அன்னிக்கு விளக்கேத்தறப்பவே தெரியுங்க," என்று கிசுகிசுத்தாள். "பேசாம இருங்க. இப்பத்தான் வீடு நல்லா இருக்கு."

அவர் நெற்றியில் சந்தனம் வைத்தாள். அதன்மேல் குங்குமம். தையல் மெஷினுக்கு வைத்த அதே வேகத்தில். காதில் ஒரு பூவைச் செருகினாள். அடுத்து மின்விசிறிக்குப் போனாள்.

விளக்கை அணைத்தாள். கண்ணாடியின் வெளிச்சம் மட்டும்.

சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்திருந்தாள். ஒரு சொட்டு. நெற்றியிலிருந்து புருவத்துக்கு. புருவத்திலிருந்து இமைக்கு.

கண்ணை மூட வேண்டும்.

மூடு என்று சொல்லிவிட்டார். எப்போதோ சொல்லிவிட்டார்.

டிக். டிக். டிக். யாரோ ரசித்துச் சிரிப்பது கேட்டது, வசுமதி. எதிரே வெள்ளைப் பக்கத்தின் தலையில் ஒரு புதிய பிள்ளையார் சுழி, அழகாக, தயக்கமே இல்லாமல்.

சொட்டு கண்ணுக்குள் விழுந்தது. கண் திறந்தே இருந்தது.