சின்ன லைப்ரரிக்குச் சின்ன விலை

மட்டாஞ்சேரி படகுத்துறையில், மழைக்கு ஒதுங்க ஓடிய அவசரத்தில் இருவரும் மோதிக்கொண்டார்கள். அவன் கையிலிருந்த வட்டத் தகரப்பெட்டி நழுவி உருண்டது. அவள் குடையைப் போட்டுவிட்டு ஓடினாள். காயலில் விழப்போன பெட்டியைப் பிடித்துவிட்டாள்.

"கண்ணை எங்கே வச்சிண்டு வரேள்?"

நனைந்த இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்... கோபத்திலும் சிரிப்பதுபோல... அவன் பெட்டியை வாங்கிச் சட்டையில் துடைத்தான்.

"தேனீயைப் பத்தின படமாக்கும்... நனைஞ்சிருந்தா என் வேலை போயிருக்கும்."

அவன் தேடிவந்த வாசகசாலையில், மேஜைக்குப் பின்னால் அவளே உட்கார்ந்திருந்தாள்! நூலகர் கமலாக்ஷி. அவன் சிவசங்கரன், நூலகங்களுக்குப் பாடம் சொல்லும் சினிமாப் படங்கள் விற்கும் எர்ணாகுளம் கம்பெனியின் ஆள்.

"இந்தப் படம் உங்களுக்கு முந்நூறு ரூபாய்."

"தேவரா ஊர்ல ஒரு காலேஜுக்கு ஆயிரத்து இருநூறாமே! என் முகத்தைப் பாத்துக் குறைச்சேளா?"

"லைப்ரரியைப் பாத்து. பெரிசுக்குப் பெரிய விலை, சின்னதுக்குச் சின்ன விலை. பரீட்சிச்சுப் பாக்கறோம்... என் யோசனைதான்."

"எங்களுக்குத் தர்மம் வேண்டாம்."

அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்து நின்றான்.

"தர்மமில்லை. நீங்க வாங்கலைன்னா எங்களுக்கு அந்த முந்நூறும் இல்லை. மனசிலாச்சோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்தை வாங்கினாள். வாசகசாலையில் நிற்க இடமில்லாத கூட்டம். ஓணத்துக்குள் இன்னும் இரண்டு படங்கள். 'எனக்கு ஓட்டத் தெரியாது' என்று அவள் சொல்லிவிட்டதால், ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனே வந்து ப்ரொஜக்டரை ஓட்டினான். இருட்டில் ஒளி அவன் முகத்தில் பட்டுப் பட்டு மறையும்... அவள் திரையைப் பார்க்கவே இல்லை.

யாரோ முதலாளி வெங்கிடாசலத்திடம் கோள் சொன்னார்கள். 'மட்டாஞ்சேரிப் பெண்ணுக்காக விலையைக் குறைக்கிறான்.' முதலாளி திட்டத்தை நிறுத்தினார். சிவசங்கரனுக்கு ரோஷம், விளக்கம் சொல்லவில்லை. மட்டாஞ்சேரிக்கு வருவதையும் விட்டுவிட்டான்.

இரண்டு சனிக்கிழமைகள் வெறுமையாகப் போயின. கோள் சொன்ன கதை அவள் காதுக்கும் எட்டியது. 'எனக்கென்ன...' என்று சொல்லிப் பார்த்தாள். முடியவில்லை. எர்ணாகுளத்துக்குப் படகேறி, நேரே முதலாளி முன் போய் நின்றாள்.

"பழைய விலைன்னா நாங்க ஒரு படம்கூட வாங்கியிருக்க மாட்டோம், சார். இப்போ மூணு வாங்கியிருக்கோம். இடக்கொச்சி லைப்ரரியிலயும் கேக்கறா. இதிலே உங்களுக்கு நஷ்டம் எங்கே?"

வெங்கிடாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சிவசங்கரா... நாளைக்கே இடக்கொச்சி போ. அந்தச் சின்ன விலைக்கே கொடு."

கமலாக்ஷி படகுத்துறைக்கு வந்தபோது தூறல். பின்னாலேயே அவன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"எதுக்கு வந்தேள்?"

"உங்களைப் பத்திப் பொய் சொன்னா... கேட்டுண்டு இருக்க முடியலை."

"முழுப் பொய்யில்லை, கமலாக்ஷி." அவன் ஓரடி நெருங்கி வந்தான். "விலை உங்களுக்காக இல்லை... சத்தியம். ஆனா படம் ஓட்டறது என் வேலையே இல்லை. அதுக்கு வேற ஆள் உண்டு. அவரை வர வேண்டாம்னுட்டு நானே வந்தேன்... உங்களைப் பாக்க."

அவள் தலை குனிந்தாள். கன்னத்தில் மழைத்துளி... சூடாக இருந்தது.

"எனக்கும் ப்ரொஜக்டர் ஓட்டத் தெரியும்..." என்றாள் மெல்ல. "தெரியாதுன்னு சொன்னாத்தானே நீங்க வருவேள்!"

படகு மணியடித்துக் கிளம்பியது. அவள் ஏறவில்லை.