முதுகைக் காட்டி உட்காரவும்

2019 நவம்பர் 4, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். காலையில் பிடித்த மழை விடுவதாக இல்லை. நாய்கள் காப்பகத்தின் தகரக் கூரை போட்ட இரைச்சலில், தான் கத்துவது அந்தக் கால்நடை மருத்துவருக்கே பாதிதான் கேட்டது. ஆகவே இன்னும் உரக்கக் கத்தினாள்.

“மனுஷனா நீங்க?”

எதிரே நின்றவன் தொப்பலாக நனைந்திருந்தான். தன் மழைக்கோட்டைக் கழற்றி, அதில் ஒரு கிழட்டு நாயைச் சுற்றித் தூக்கி வந்திருந்தான். எலும்பும் தோலுமான உடம்பு. ஒரு கண்ணில் வெண்படலம். கழுத்துச் சங்கிலி தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. அதன் மறுமுனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு, திறந்தபடி தொங்கியது.

“டாக்டர், நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“என்ன சொல்லப்போறீங்க? வேலை அதிகம், மறந்துட்டேன், அதானே? உங்களைப் பத்து நாள் இப்படிக் கட்டிப் போட்டாத் தெரியும்!”

அவன் வாயை மூடிக்கொண்டான். நீர் சொட்டும் இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள் அவளைவிடக் கோபமாக இருந்தன... அக்கோபம் யார்மேல் என்று அவள் யோசித்திருக்கலாம். யோசிக்காமல் படிவத்தை நீட்டினாள். ‘நாயை ஒப்படைக்கும் உரிமையாளர்’ என்ற இடத்தில் அவன் படித்தும் பாராமல் கையெழுத்திட்டான். முகவரி: பூட்டு, சாவிக் கடை.

“ஓ... தொழிலே பூட்டுறதுதானா!”

அவன் மழையில் இறங்கிப் போனான்.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நின்றான். நாயைத் தானே வளர்க்க விரும்புவதாக ஒரு விண்ணப்பமும் கையில் இருந்தது. அதன் அடியில் அவள், ‘துன்புறுத்தியவரிடமே தர இயலாது. மறுக்கப்படுகிறது’ என்று தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதினாள்.

“கிளம்புங்க.”

அவன் சுவரைக் காட்டினான். “பொதுமக்கள் பார்வை நேரம் மூணுல இருந்து நாலு. போர்டுல போட்டிருக்கு.”

“அது பொதுமக்களுக்கு.”

“நான் என்ன, அரசாங்கமா?”

கூண்டு கழுவிக்கொண்டிருந்த காப்பகப் பணியாளர் அக்கா களுக்கென்று சிரித்தாள். மருத்துவர் முறைத்ததும் வாளியில் எதையோ தேடத் தொடங்கினாள்.

“சரி, உக்காருங்க. ஆனா நாய்க்கு முதுகைக் காட்டித்தான் உக்காரணும். அது தானா வர்ற வரைக்கும் திரும்பக் கூடாது, தொடக் கூடாது. ஒரு தடவை திரும்பினாலும் வெளிய!”

பயந்த நாய்களுக்காகக் காப்பகத்தில் உள்ள விதிதான் அது; அவள் இட்டுக்கட்டியதன்று. ஆனால் இரண்டு நாளில் ஓடிவிடுவான் என்று நம்பினாள்.

அவன் ஓடவில்லை. திறந்த கூண்டுக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு, நாள் தவறாமல் ஒரு மணி நேரம் அமர்ந்தான். முதல் நாள் அவன் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியதும் நாய் மூலையில் ஒடுங்கி நடுங்கியது. “பாத்தீங்களா? உங்க சத்தமே அதுக்கு ஆகல,” என்று குத்தினாள். மறுநாள் முதல் சாவிக்கொத்து இல்லை.

அக்கா நாய்க்குப் ‘பெரியவர்’ என்று பெயர் வைத்துவிட்டாள். “பெரியவர் இன்னிக்கு எழுந்து நின்னாரு. பெரியவர் பாதித் தட்டைக் காலி பண்ணிட்டாரு.” கழுத்துப் புண்ணுக்கு மருத்துவர் தன் கையாலேயே மருந்திட்டாள். புண் ஆறிவந்தது, கோபம் ஆறவில்லை. ஆனாலும்... மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவள் கண்கள் வாசலுக்குப் போயின. அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மாதக் கடைசிக்குள் யாரும் எடுத்துச் செல்லாத நாயை ஊருக்கு வெளியே உள்ள கொட்டகைக்கு அனுப்பியாக வேண்டும். அங்கே இருநூறு நாய்கள். பன்னிரண்டு வயதும் அரைப் பார்வையுமாக ஒரு நாய் அங்கே ஒரு வாரம் தாங்காது என்பதை அவள் அறிவாள். பெரியவரைக் கேட்டவன் ஒரே ஒருவன். அவனுக்கோ கொடுக்க முடியாது.

நவம்பர் 29, வெள்ளிக்கிழமை காலை. அவன்மேல் காவல் நிலையத்துக்கு அவள் எழுதியிருந்த புகாரில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதை நிரப்ப அவன் கடைக்கே போனாள்.

“எத்தனை வருஷமா அந்த நாய் உங்ககிட்ட இருந்துச்சு?”

அவன் அரத்தைக் கீழே வைத்தான். “இருபத்தஞ்சு நாள்ல இப்பதான் முதல் தடவையா ஒரு கேள்வி கேக்குறீங்க.”

ஒரு பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினான். எந்தப் பூட்டைத் திறந்தாலும் நேரம், யாருடைய பூட்டு, யார் அனுமதி என்று எழுதிவைப்பது அவன் தொழிலின் ஒழுங்கு. நவம்பர் 4-க்குக் கீழே இரண்டு பதிவுகள் இருந்தன.

‘பகல் 2.15. காலி வீடு, வாசல் கதவு. அனுமதி: வீட்டுச் சொந்தக்காரர்.’

‘2.30. அதே வீடு, பின்கட்டு. தூணில் நாய்ச் சங்கிலிப் பூட்டு. யாருடையது: காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரர். அனுமதி: கேட்கவில்லை.’

அவளுக்கு முகம் சுட்டது.

“இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன? வாய்க்கும் பூட்டா?”

“சொல்ல விட்டீங்களா? ‘மனுஷனா’ன்னு ஆரம்பிச்சவங்க மூச்சே விடலையே!”

“அதுக்கப்புறம் இத்தனை நாள் இருந்துச்சே!”

அவன் குரல் தணிந்தது. “அந்தப் பூட்டு, குடித்தனக்காரர் என் கடையில வாங்கினது. எதுக்குன்னு நான் கேக்கல... திட்டுல பாதி எனக்குச் சேர வேண்டியதுதான்னு பட்டுச்சு. மீதிப் பாதிக்கு ரோஷம்.”

“ரோஷம்! உங்க ரோஷத்துக்கும் என் வாய்க்கும் நடுவுல பெரியவர் நாளைக்குக் கொட்டகைக்குப் போயிருப்பாரு. அறிவிருக்கா நம்ம ரெண்டு பேருக்கும்?”

அந்தக் கடை மேஜையிலேயே புகாரில் இருந்த அவன் பெயரை அடித்து, குடித்தனக்காரரின் பெயரைக் கேட்டு, அதே அழுத்தத்தோடு எழுதினாள். “மூணு மணிக்கு வாங்க,” என்று சிடுசிடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

மூன்று மணிக்கு மழை மீண்டும் வந்தது. அவனும் வந்து, வழக்கம்போல் முதுகைக் காட்டி அமர்ந்தான்.

“இன்னும் கோபமா?”

“ஆமா. உங்க மேல. என் மேல. மூணு மணியானா வாசலைப் பாக்குற என் கண்ணு மேல...” சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

அவன் நாய்ப்பக்கம் திரும்பாமலே சொன்னான். “நாய்ப்பக்கம் திரும்பக் கூடாதுன்னீங்க. அப்படி உக்காந்தா எனக்கு நேரா தெரியுறது உங்க மேஜைதான். முதல் வாரம் அவருக்காகத்தான் வந்தேன், சத்தியமா.”

“அப்புறம்?”

“அப்புறம் ரெண்டு பேருக்காகவும். அவர் கடிக்க மாட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு. உங்களைப் பத்தித்தான் இன்னும் உறுதி இல்ல.”

சிரிப்பை அடக்க அவள் உதட்டைக் கடித்தபோது அக்கா கிசுகிசுத்தாள். “டாக்டரம்மா... பெரியவர்!”

பெரியவர் கூண்டைவிட்டு வெளியே வந்திருந்தார். நின்றார், முகர்ந்தார், இன்னும் இரண்டு அடி வைத்தார். பிறகு அவன் தோள்மேல் தம் மோவாயைச் சாய்த்து, நீளமாக மூச்சு விட்டார். அவன் அசையவில்லை. கண்கள் மட்டும் நிறைந்தன.

“திரும்பலாமா?”

“இரு... இருங்க.”

பழைய விண்ணப்பத்தை எடுத்தாள். ‘மறுக்கப்படுகிறது’ என்பதை ஒரே கோட்டில் அடித்து, ஓரத்தில் ‘என் தவறு’ என்று குறித்தாள். கீழே எழுதுவதை வாய்விட்டுப் படித்தாள். “அளிக்கப்படுகிறது. மருத்துவர் வாரந்தோறும் வீட்டுக்கு நேரில் வந்து பார்ப்பார்.”

“எத்தனை வாரத்துக்குன்னு போடலையே?”

“போட மாட்டேன்.” கையெழுத்திட்டாள். “இந்தத் தடவையாவது படிச்சுப் பாத்து வாங்குங்க.”

அதட்டியவாறே அவனெதிரே தரையில் மண்டியிட்டு, தாளை அவன் கையில் கொடுத்தாள்.