சாக மறுத்த செல்கள்

மருந்து ஊற்றினால் செத்துப்போக வேண்டிய புற்றுநோய்ச் செல்கள் ஒரு மாதமாகச் சாகவில்லை. முன்பெல்லாம் ஒழுங்காகச் செத்தவைதான். ஆராய்ச்சிக்காரி மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்தாள். கடைசியில் பழியைத் தூக்கி, அதே ஆய்வுக்கூடத்தில் மருந்து கலக்கும் தன் நாத்தனார் தலையில் போட்டாள். நாத்தனாரை வேலையைவிட்டு நிறுத்த மாலை குழு கூடுகிறது. அதற்குள் ஒருமுறை பார்க்கச் சொல்லி இயக்குநர் தர ஆய்வாளரை அனுப்பியிருந்தார்.

ஆய்வாளர் அம்மாளோடு வந்த உதவியாளர் வந்ததும் வராததுமாக மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "தண்ணி கலந்திருக்காங்க மேடம்."

"இதே குப்பி மருந்துதான் பக்கத்து அறையில செல்லைக் கொன்னிருக்கு. இந்த அறைக்கு வர்ற வழியில தண்ணியாயிடுச்சா?" என்றார் ஆய்வாளர்.

"வீட்டுல உப்பு கூடினாலும் நான்தான், இங்க செல்லு சாகலேன்னாலும் நான்தானா அண்ணி?" என்றாள் மூலையில் நின்ற நாத்தனார். ஆராய்ச்சிக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆய்வாளர் நுண்ணோக்கியில் குனிந்தார். சேதமடைந்த செல்லைத் தற்கொலைக்குத் தூண்டும் காவல் புரதம் ஒன்று உண்டு. அதை எழுப்பிவிடுவதுதான் அந்த மருந்தின் வேலை. சாயமேற்றிய தட்டில் அது பச்சையாக ஒளிரும்.

"மருந்தே படாத தட்டுலயும் காவலாளிங்க குவிஞ்சு கிடக்காங்க. ஆனா ஒருத்தரும் வேலை செய்யலை. யாரோ கையைக் கட்டிப் போட்டிருக்காங்க. செல்லு இப்ப வேகமா வளருதாம்மா?"

"ஆமா மேடம். நல்லதுதானேன்னு விட்டுட்டேன்," என்றாள் ஆராய்ச்சிக்காரி.

"வேற என்ன வளர்க்கறீங்க?"

"புரதம் தயாரிக்க ஒரு செல்லு. குரங்கு வைரஸோட மரபணு ஒண்ணை ஏத்தினது." குளிர்பெட்டியைத் திறந்து காட்டினாள். "ரெண்டுக்கும் இந்த ஊட்டநீர்ப் புட்டிதான்..." சொல்லும்போதே அவளுக்கு எங்கே தப்பு நடந்தது என்று உறைத்துவிட்டது.

"குரங்குச் சிறுநீரகச் செல்லுல கண்டுபிடிச்ச அந்த வைரஸுக்குச் சொந்தப் பட்டறை கிடையாது," என்றார் ஆய்வாளர். "நகலெடுக்கச் செல்லோட கருவிகளைத்தான் ஓட்டணும். செல்லு தற்கொலை பண்ணிக்கிட்டா பட்டறை மூடிடும். அதனால அதோட ஒரு புரதம், நீங்க ஏத்தின மரபணு செய்யறது, காவலாளியை இறுக்கிப் பிடிச்சுக்கும். பிடிபட்டது வேலையும் செய்யாது, சிதையவும் செய்யாது. அதான் குவியல். அந்தப் புரதம் எதைப் பிடிச்சிருக்குன்னு தேடப் போய்த்தான் உலகமே இந்தக் காவலாளியைக் கண்டுபிடிச்சுது."

"குற்றவாளி புட்டியில நீந்தி வந்திருக்கான்!" என்றார் உதவியாளர்.

"அந்தச் செல்லைத் தொட்ட பிப்பெட்டுல, துளி உறிஞ்சற குழாய்ல, ஒட்டிப் புட்டிக்குள்ள வந்திருக்கான். ஒரு துளியில நாலு செல்லு இருந்தாலும் போதும். வேகமா வளர்றது மத்ததை ஓரங்கட்டிடும். இந்தத் தட்டுல இப்ப இருக்கறது உங்க புற்றுநோய்ச் செல்லே இல்ல."

வைரஸ் புரதத்துக்கான சிவப்புச் சாயத்தை ஏற்றிப் பார்த்தார்கள். தட்டு முழுக்கச் சிவந்தது. ஆராய்ச்சிக்காரிக்கு அங்கேயே பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

மாலையில் குழுவின் முன் அவளே எழுந்தாள். நாத்தனார் பக்கம் கண்ணைத் திருப்ப முடியவில்லை.

"மருந்து சரியா இருக்கு. கலந்தவங்க மேலயும் தப்பில்ல. ஒரே புட்டியில பிப்பெட்டை விட்டு ரெண்டு செல்லையும் கலந்தது நான். இந்தத் தட்டுகளையெல்லாம் அழிச்சுடறேன். உறையவெச்ச பழைய செல்லை எடுத்துச் சோதிச்சுட்டு வளர்க்கறேன். இனி ஒவ்வொரு செல்லுக்கும் தனிப் புட்டி, தனிப் பிப்பெட்."