எதிரெதிர் பார்த்த மான்கள்

வில்ஃப் பார்டோ உயிரோடு இருக்கிறாரா, இல்லை அவருக்கு இன்னொருத்தி இருந்தாளா? இரண்டில் ஒன்று தெரியாமல் வீட்டுக்குப் போவதில்லை என்ற முகத்தோடு கிளாரிஸ் டாங்ஸ், பர்மிங்காம் சந்தையில் டிரான்டரின் கடை முன்னால் வந்து உட்கார்ந்தாள். 1957, மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. கூட வந்த ஹெஸ்டர் பார்டோ, வில்ஃபின் தங்கை, நாற்காலி நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தாள்.

டிரான்டர் முப்பத்தைந்து வருஷம் பட்டாளத்து பேட்ஜ்களுக்கு அச்சு வெட்டியவர். போருக்குப் போகிறவர்கள் காதலிக்குக் குத்திவிட்டுப் போன புரூச்சுகளை இப்போது வாங்கி விற்கிறார். எதைக் கையில் கொடுத்தாலும் எந்தப் படை, எந்த வருஷம் என்று சொல்லிவிடுவார். அதைச் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நமக்குத்தான் பொறுமை போய்விடும். பொறுமை முதலில் போவது பக்கத்துப் பொத்தான் கடை டாட் காஸ்கினுக்கு. மர்மம் என்ற வாசனை வந்தால் போதும், கல்லாவைக் கூடப் பூட்டாமல் வந்து நிற்பாள்.

கிளாரிஸ் சட்டையிலிருந்து ஒரு புரூச்சைக் கழற்றி வைத்தாள். பித்தளையில் ஓடும் மான்.

"அவரோட காலர் பேட்ஜ். பின்னால ஊசி பத்தவச்சு, 1917ல, எங்களுக்கு நிச்சயமான லீவு முடிஞ்சு போறப்ப ஸ்டேஷன்ல குத்திவிட்டார். அக்டோபர்ல காணோம்னு அவங்க வீட்டுக்குத் தகவல் வந்துது. அதோட சரி." கைப்பையிலிருந்து இன்னொரு மானை எடுத்தாள். "இது போன வாரம் சர்ச்சுல பழைய சாமான் விற்பனையில வாங்கின பொத்தான் டப்பாவுல கிடந்துது. யார் கொடுத்த டப்பான்னு யாருக்கும் தெரியல."

"பழைய பித்தளை. விட்டுத் தள்ளுன்னா கேக்க மாட்டேங்கறா," என்றாள் ஹெஸ்டர்.

டிரான்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு மான் வலப்பக்கம் ஓடியது, மற்றது இடப்பக்கம். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

"காலர் பேட்ஜ் ஜோடியாத்தான் வரும். ரெண்டும் பதினஞ்சாம் வருஷத்து வேலை. அடுத்த வருஷமே செம்பெல்லாம் குண்டு செய்யப் போயிடுச்சு, பின்னால வளையத்துக்கு இரும்புக் கம்பி போட்டோம். இதுல செம்பு இருக்கு." லென்ஸைக் கண்ணில் வைத்துப் பின்பக்கம் திருப்பினார். "உங்களோடதுல 417ன்னு கீறியிருக்கு."

"அவரோட நம்பர்."

"இதுலயும் அதேதான். ரொம்ப மங்கலா இருக்கு. அவரோட ஜோடியேதான்."

டாட்டுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அப்ப விஷயம் முடிஞ்சுது. இவங்களோடது புதுசு மாதிரி இருக்கு, மத்ததுல மானுக்கு மூஞ்சியே இல்ல. பட்டாளத்தான் தினமும் பாலிஷ் போடுவான். மூஞ்சி தேயணும்னா இருபது வருஷமாவது ஆகும். பதினேழுலயே செத்த ஆள் எப்படிங்க பாலிஷ் போடுவார்? எங்கயோ இருந்திருக்கார்."

கிளாரிஸின் முகம் சட்டென்று மலர்ந்தது, அறுபது வயது முகமாக இல்லை. டாட்டின் வாயை யாராவது முதலிலேயே அடைத்திருக்க வேண்டும். டிரான்டர் லென்ஸைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"முதல்ல ஒண்ணு. இன்னொருத்தி இல்லம்மா. காலர்ல மாட்டற ரெண்டு வளையமும் அப்படியே இருக்கு. இதுக்கு யாரும் ஊசி வச்சதில்ல, எந்தப் பொண்ணும் குத்திக்கிட்டதில்ல."

"எனக்குத் தெரியும்," என்றாள் கிளாரிஸ். தெரிந்திருக்கவில்லை என்பது அவள் விட்ட மூச்சிலேயே தெரிந்தது.

"இன்னொண்ணு கேக்கறேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது செங்கல் பொடி போட்டுப் பித்தளை தேய்ப்பாங்களா?"

கிளாரிஸ் சிரித்துவிட்டாள். "அவரோட அம்மாதான். கடை பாலிஷ் வீட்டுக்குள்ளயே வரக்கூடாது. செங்கல் பொடியும் வினிகரும்தான். நாப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம அங்க டீ குடிக்கப் போயிருக்கேன், எனக்குத் தெரியாதா? பாவம், ஜனவரியில போயிட்டாங்க. ஹெஸ்டர்தான் வீட்டை ஒழிச்சு, வேண்டாததையெல்லாம் சர்ச்சுக்கு..."

பேச்சு பாதியில் நின்றது. ஹெஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டையில இருக்கற பேட்ஜைத் தேய்க்கறப்ப, துணி அழுக்காகாம இருக்க அடியில ஒரு தகட்டைச் செருகுவாங்க," என்றார் டிரான்டர் மெதுவாக. "மேல் முகம் மட்டும்தான் தேயும். இதுல ஓரம் தேஞ்சிருக்கு, பின்னால நம்பரும் தேஞ்சிருக்கு. சட்டையில இருந்ததில்ல. யாரோ கைக்குள்ள வச்சு வருஷக்கணக்கா தேச்சிருக்காங்க. வளையத்துக்கு அடியில செங்கல் பொடி இன்னும் செவப்பா இருக்கு. உங்களுக்கு ஒண்ணைக் கொடுத்துட்டு, ஜோடியை அவர் பாக்கெட்ல வச்சிருந்திருக்கார். அது அம்மா கைக்கு எப்படி வந்திருக்கும்? பட்டாளம் ஒருத்தரோட சாமானை வீட்டுக்கு அனுப்புதுன்னா..." அவர் லென்ஸைக் கீழே வைத்தார். "பெத்தவங்களுக்குத்தான் அனுப்புவாங்கம்மா. நிச்சயம் பண்ணின பொண்ணுக்கு ஒரு கடுதாசி கூடப் போடமாட்டாங்க."

கிளாரிஸ் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"ஹெஸ்டர்."

"1918 மார்ச்சுல பட்டாளத்துப் பார்சல் வந்துது," என்றாள் ஹெஸ்டர். "உடம்பு கிடைச்சுது, புதைச்சாச்சுன்னு கடுதாசியும் வந்துது. அந்த ஞாயித்துக்கிழமை நீ வந்து, ஏதாவது சேதி உண்டான்னு கேட்ட. இன்னும் இல்லம்மான்னு அம்மா சொல்லிட்டாங்க. நீ வந்து கேக்கற வரைக்கும் அம்மாவுக்கு அவன் வரப்போறவன். நீயும் அம்மாவும் உக்காந்து, வந்தா எந்த ரூம், எந்தப் பட்டறையில வேலைன்னு பேசுவீங்க. அந்த ஒரு மணி நேரத்துக்காக அம்மா வாரம் பூரா உசிரை வச்சிருந்தாங்க. பொத்தான் டப்பாவுல அதை ஒளிச்சு வச்சிருந்தது எனக்குத் தெரியாது."

"நீயாவது சொல்லியிருக்கலாம்."

"ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் சொல்லிடணும்னு நினைப்பேன். அப்படியே இத்தனை வருஷம் ஆயிடுச்சு."

"ரெண்டு பேர் என்னைக் கேட்டாங்க ஹெஸ்டர்," என்றாள் கிளாரிஸ். குரல் உயரவில்லை, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "டிராம் கண்டக்டர் ஒருத்தர். அப்புறம் ஸ்கூல் வாத்தியார், தங்கமான மனுஷன். ரெண்டு பேர்கிட்டயும் எனக்கு நிச்சயம் ஆயிடுச்சுன்னு சொல்லி அனுப்பினேன். அன்னிக்கும் நீதான் எனக்கு டீ ஊத்தின."

ஹெஸ்டர் முகத்தைக் கையுறையால் பொத்திக்கொண்டாள். கிளாரிஸ் எழுந்து போய்விடுவாள் என்றுதான் டாட் நினைத்தாள். அவள் போகவில்லை. தேய்ந்த மானைக் கையில் எடுத்து, முகமில்லாத முகத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கடுதாசியில தேதி போட்டிருந்துதா?"

"அக்டோபர் ஒம்பது. செவ்வாய்க்கிழமை."

கிளாரிஸ் அதை உதட்டுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"எந்த நாள்னு தெரியாமத்தான் ஹெஸ்டர், நாப்பது வருஷமா எல்லா நாளும் அழுதேன்."