பதினேழில் கட்டியிருந்தது

துறையின் கோடியில் பதினேழாம் இடத்தில் படகு எதுவும் இல்லை. ஆனால் இரும்புக் குமிழ்களில் கட்டியிருந்த இரண்டு கயிறுகளும் விறைப்பாக நீருக்குள் இறங்கியிருந்தன.

எவெட் எரிச்சலுடன் அதைப் பார்த்தாள். ஆன்டிகுவாவுக்கு வரும் சொகுசுப் படகுகளுக்கு இடம் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. காலையிலிருந்து ஆறு துறைகள் ஏறி இறங்கியாயிற்று. கிறிஸ்துமஸ் வாரம், எங்கும் இடமில்லை. இன்று வரவேண்டிய ஒரு வெள்ளைப் படகுக்கு ஐந்தரைக்குள் இடம் சொல்லாவிட்டால், அதன் கேப்டன் நேரே பக்கத்துத் தீவான குவாதலூப்புக்குப் போய்விடுவார். அந்தப் படகில்தான் அவள் தம்பி கீத்ராய் வேலை பார்க்கிறான். நான்கு வருடம் கழித்து வீட்டுக்கு வருகிறான். அம்மா விடியலிலிருந்து சர்க்கரைவள்ளி துருவி, இலையில் பொதிந்து டுக்கானா அவித்துக்கொண்டிருக்கிறாள்.

துறை மேலாளர் ஹெஸ்கெத் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"பதினேழு காலியாத்தானே கெடக்கு, மிஸ்டர் ஹெஸ்கெத்?"

"காலி இல்ல கண்ணு. கட்டியிருக்கு."

"என்னத்த கட்டியிருக்கு, காத்தையா?"

அவர் சிரிக்கவில்லை. "போன புயல் அடிச்சதுக்கு மறுநாள் காலைல வந்து பாத்தேன், கட்டியிருந்துச்சு. நான் கட்டல. அவுக்கவும் மாட்டேன்."

"எந்தப் பெரிய மனுஷனுக்குப் பிடிச்சு வச்சிருக்கீங்க, அதச் சொல்லுங்க."

வேண்டியவர்களுக்காக வெறும் கயிற்றைக் கட்டி இடம் பிடித்து வைப்பது துறைக்காரர்களின் பழைய தந்திரம். கிழவர் நுனியில் கல்லைக் கட்டி மூழ்கடித்திருப்பார் என்று எவெட் முடிவு செய்தாள். அவர் மறுகோடிக்குப் போனதும் கேப்டனை அழைத்து, "பதினேழு, வாங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள்.

பக்கத்துப் படகுகள் எல்லாம் அலையில் ஏறி இறங்க, இங்கே மட்டும் தண்ணீர் எதன் அடியிலோ அழுந்தியதுபோல் தட்டையாகக் கிடந்தது. பலகையோரம் எதுவோ உரசி முனகியது. பாசியும் நனைந்த துணியும் நெடுநாள் மூடிக்கிடந்ததுபோன்ற வாடை மூக்கில் ஏறியது. மாலை வெயில் எதிரே சுள்ளென்று அடித்தும் அவள் பிடரியில் நிழல் விழுந்தது. நிழல் தர அங்கே ஒன்றுமில்லை.

நகம் உடையும்படி இரண்டு முடிச்சுகளையும் அவிழ்த்தாள்.

கயிறுகள் நீருக்குள் மூழ்கிப்போகவில்லை. நீரைவிட்டு மேலே ஏறின. தலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பைத் தாண்டி மறைந்தன. யாரோ நிதானமாகச் சுருட்டுவதுபோல்.

அதற்குள் வெள்ளைப் படகு வந்துவிட்டது. எவெட் இரு கைகளையும் ஆட்டினாள். வேண்டாம் என்று. கீத்ராய் பதிலுக்குக் கையை ஆட்டிச் சிரித்தான்.

"அக்கா, டுக்கானா மிச்சம் இருக்கா? இல்ல நீயே முழுங்கிட்டியா?"

"அங்கேயே நில்லுடா!"

படகு நெருங்கியது. நின்றது. இன்னும் இரண்டு ஆள் நீளம் இடைவெளி. இயந்திரம் உறுமியும் அது குறையவில்லை. கீத்ராய் பொறுமையிழந்தான். கயிற்றோடு தாவினான்.

தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை.

நின்றுகொண்டிருந்தான். வெறும் காற்றில். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. குனிந்து பார்த்தான். ஒரு காலைத் தூக்கி வைத்தான். மரப்பலகையை மிதித்த ஓசை கேட்டது.

"அக்கா, இது என்ன?"

அவள் கை நீட்டினாள். விரல் நுனி பட்டது. வழுக்கியது.

அவன் நகரத் தொடங்கினான். அடி எடுத்து வைக்காமல், நின்றபடியே, துறைமுக வாயை நோக்கி. கைகளை அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தான். அவன் சட்டை இரண்டு தோள்களிலும் அழுந்தியிருந்தது. ஈரமாக. விரல் விரலாக.